குட்டி மனிதர்களின் பெரிய சண்டை

'தி மேஜிக்கல் லெஜண்ட் ஆஃப் தி லெப்ரகான்ஸ்', 1999-இல் வந்த இரண்டு பாகத் தொலைக்காட்சிப் படம். என் எட்டு வயது மகளோடு இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன்.

அயர்லாந்துக் கிராமத்துக்கு வரும் அமெரிக்கர், ராண்டி குவைட், தண்ணீரில் தத்தளிக்கும் ஒரு லெப்ரகானை, அதாவது அந்நாட்டுக் கதைகளில் வரும் குட்டி மாய மனிதனை, காப்பாற்றுகிறார். அந்தக் குள்ளராக டப்ளின்காரர் கோல்ம் மீனி. அவர் பேசுவதைக் கேட்டாலே மண்வாசனை வருகிறது! லெப்ரகான் பையனும் தேவதை இளவரசியும் காதலிக்க, இரு குலத்துக்கும் போர் மூள்கிறது; இயற்கையே நிலைகுலைகிறது. அந்த இடத்தில் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ஒரு மனக்குறை. அயர்லாந்துக் கதைகளில் லெப்ரகான் தனிக்கட்டை, செருப்புத் தைப்பவன். படமோ அவனைக் குடும்பஸ்தனாக்கி, படை திரட்ட வைத்துவிட்டது. பான்ஷீ என்ற பெண் ஆவியும் அந்தக் கதைகளில் சாவை முன்னறிவித்து அழுபவள். இங்கே ஊப்பி கோல்ட்பெர்க் இரு தரப்பையும் எச்சரிக்கும் தலைவியாக வருகிறார். அது மட்டும் நன்றாகப் பொருந்துகிறது.

மனிதர்களின் காதல் கதை இழுவை. கிராபிக்ஸ் பழசுதான், ஆனாலும் பச்சை மலைச்சரிவுகள் கண்ணிலேயே நிற்கின்றன. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தாராளமாகப் போட்டுக் காட்டலாம்.