3 வருஷக் குக்கரும் 19 வருஷக் குக்கரும்

எங்கள் வீட்டுப் பழைய ரைஸ் குக்கர் 2001-இல் வாங்கியது. அதில் ‘நேஷனல்’ என்று எழுதியிருக்கும். அதே கம்பெனிதான் இப்போது பேனசோனிக் என்ற பெயரில் வருகிறது. தினம் இரண்டு வேளைச் சோறு, தீபாவளிக்கு நாலு வேளை என்று 19 வருஷம் உழைத்தது. 2020-இல் மகள் முதல் சம்பளத்தில் 400 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வேறொரு கம்பெனியின் டிஜிட்டல் குக்கர் வாங்கி வந்தாள். கஞ்சிக்கு ஒரு பட்டன், கேக்குக்கு ஒரு பட்டன் என்று மொத்தம் எட்டு. நான் தொட்டது ஒன்றைத்தான். ஆசையாகக் கொடுத்தாளே என்று பழையதைத் தூக்கிச் சாமான் அறையில் வைத்தேன்.

மலேசியாவில், சிலாங்கூரிலுள்ள எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தையில் சாயங்கால இடி எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். (2007-இல் ஊர்ப் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) 2023 நவம்பரில் ஒருநாள் செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்கள் பக்கம் விழுந்த இடியில் வீடு முழுக்கக் கரண்டு டிரிப் ஆனது. மெயினைத் தூக்கிவிட்டேன், ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது. பிளக்கில் சொருகியிருந்த டிஜிட்டல் குக்கர் மட்டும் எழுந்திருக்கவில்லை. பசார் ரோட்டில் ரிப்பேர் செய்யும் தவுக்கே (கடை முதலாளி) அடித்தட்டைக் கழற்றிக் காட்டினார். போர்டு கருகிக் கிடந்தது. ஓரத்தில் ஒரு பல்லி வேறு காய்ந்து ஒட்டியிருந்தது, சூட்டுக்காக உள்ளே போயிருக்கும் போல. “ஸ்பேர்பார்ட் தாடா லா, அம்மா,” என்றார், கிடைக்காது என்று மலாயில். மூன்றே வருஷம்.

அதற்குப் பிறகு வாங்கியது பேனசோனிக் 1.8 லிட்டர், ஒற்றைச் சுவிட்சு, 115 வெள்ளி. இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதற்கு மூளை கிடையாது. பானைக்கு அடியில் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு குமிழ், அதற்குள் காந்தம், அவ்வளவுதான். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், காந்தம் பிடியை விடும், ‘டக்’கென்று சுவிட்சு விழும். இடிக்குப் பயந்து சாக அதில் போர்டே இல்லை. நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பானையின் அடியை ஈரம் போகத் துடைத்து வைக்க வேண்டும். ஒரு பருக்கை அந்தக் குமிழுக்கும் பானைக்கும் நடுவில் மாட்டினாலும் சோறு ஒரு பக்கம் அரிசியாகவும் ஒரு பக்கம் தீய்ந்தும் வரும்.

குறை இல்லாமல் இல்லை. மூடி ஓட்டை வழியாகக் கஞ்சித் தண்ணீர் துப்பும், மேஜையைத் துடைக்கத் துணி பக்கத்திலேயே இருக்க வேண்டும். காலையில் ஆக்கிய சோற்றை ராத்திரிவரை சூட்டிலேயே விட்டால் ஓரமெல்லாம் வறண்டுவிடும்.

நடுவில், காசு செலவழிப்பானேன் என்று அந்த 2001 குக்கரைத் திரும்ப எடுத்துப் பார்க்காமல் இல்லை. சோறு நன்றாகவே வெந்தது. ஆனால் பத்து நிமிஷத்தில் வயர் சுட்டது, பிளக் முள் பக்கம் பழுப்பேறியிருந்தது, ஈரக் கையால் தொட்டால் சுர்ரென்றது. தூக்கிப் போட்டுவிட்டேன். “பானைதான நசுங்கியிருக்கு, தட்டிக்கலாமே,” என்றார் என் வீட்டுக்காரர். பானை நசுங்கினால் பானை மட்டும் வாங்கலாம், சுவிட்சு தளர்ந்தால் தவுக்கே பார்த்துக்கொள்வார். உடம்பில் கரண்டு பாய்கிற சாமானை மட்டும் நான் வீட்டில் வைத்திருக்க மாட்டேன். புதிதாக எது வாங்கினாலும் சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஸ்டிக்கர் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பேன்.

அடுப்புக்கும் இதே கணக்குதான். கண்ணாடி அடுப்பு பார்க்க அழகு, துடைக்கவும் சுலபம். பக்கத்து வீட்டு அக்கா கிடாரம் மாதிரிப் பெரிய சட்டியை ஏற்றிக் கறி வதக்கினார், அடியில் சூடு தேங்கிக் கண்ணாடி பொடிப்பொடியாகச் சிதறியது. என்னுடையது எவர்சில்வர் மேல்தட்டு, பித்தளை பர்னர். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் ஓட்டையை ஊசியால் குத்திக் கழுவிக் காயவைப்பேன், நீலம் திரும்பிவிடும். கேஸ் தோம் (சிலிண்டர்) 14 கிலோ 26 வெள்ளி 60 சென்னுக்குக் கிடைக்கிற வரையில் இண்டக்‌ஷன் பக்கம் போவதாக இல்லை. ஏற்கெனவே ஒன்று வந்தது, அன்பளிப்பாக. என் அலுமினியச் சட்டியும் மீன்குழம்பு மண்சட்டியும் அதில் சூடேறவே இல்லை. இப்போது அதன்மேல் ஊறுகாய்ப் போத்தல் உட்கார்ந்திருக்கிறது.

பிரஷர் குக்கர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேஸ்கெட் மாற்றினேன், விசில் வருகிறது.

போன தீபாவளிக்கு மகள் வந்தாள். புதுக் குக்கரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “கஞ்சி பட்டன் எங்கம்மா?” என்றாள். தண்ணிய கூட ஊத்தி மூடிய ஒதுக்கி வைடி என்றேன்.