திறந்த கணப்புக்குச் சுவர்க் காற்றுக்குழாய்: வாங்கலாம், ஆனால் ஒன்று போதவில்லை

லண்டனில் நாங்கள் வாங்கியது விக்டோரியா காலத்து வீடு. முன்னறையில் 400 மி.மீ. அகலத்தில் ஒரு திறந்த கணப்பு (சுவரில் அமைந்த, குளிர்காய நெருப்பு மூட்டும் அடுப்பு), அதை மூடவே கூடாது என்று மனைவி சொல்லிவிட்டார். புதுப்பிக்கும்போது ஜன்னல்களுக்கெல்லாம் இரட்டைக் கண்ணாடி போட்டு, பலகைத் தரையின் இடுக்குகளையும் அடைத்தோம். முதல் குளிருக்கு நெருப்பு மூட்டினால் புகை மேலே ஏறாமல் அறைக்குள்ளேயே திரும்பியது. புகைபோக்கியை அப்போதுதான் சுத்தம் செய்திருந்தோம், அதில் அடைப்பு இல்லை. ஜன்னலை இரண்டு விரல் திறந்ததும் சரசரவென்று ஏறிவிட்டது. நெருப்புக்குக் காற்று கொடுத்துக்கொண்டிருந்ததே நாங்கள் அடைத்த அந்த இடுக்குகள்தான்.

அதற்காக வாங்கியதுதான் வெளிக்காற்றை அறைக்குள் விடும் இந்தக் குழாய். சுவரில் 125 மி.மீ. துளை போட்டுப் பொருத்த வேண்டும், உள்ளே தடுப்புத் தகடுகள் இருப்பதால் குளிர்காற்று நேராகக் காலில் வந்து அடிப்பதில்லை, தெரு இரைச்சலும் அவ்வளவாக வரவில்லை. இதில் எனக்கு முழுத் திருப்தி.

அளவில்தான் ஏமாந்தேன். கடையில் ஒன்று போதும் என்றார்கள். இங்கிலாந்துக் கட்டட விதிகளில் கணப்பு, புகைபோக்கி பற்றிய ஜே ஆவணமோ 400 மி.மீ. கணப்புக்கு 16,500 சதுர மி.மீ. காற்றுவழி கேட்கிறது. 125 மி.மீ. துளையின் மொத்தப் பரப்பே 12,300-க்குள்தான், தகடும் கிராதியும் போக எங்களுக்குக் கிடைத்தது 8,300. ஆகவே இரண்டாவது குழாயும் வாங்கினோம். துளையின் விட்டத்தைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதை விட்டுவிட்டு உண்மையில் காற்று போகும் பரப்பு எவ்வளவு என்று தேடிப் பாருங்கள்.

திறந்து மூடும் வகைக் குழாய் வேண்டவே வேண்டாம், காற்றுவழி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த அம்மா, "இந்த ஓட்டையால பனிக்காத்து வருதுப்பா" என்று ஒரு துண்டைச் சுருட்டிச் செருகிவிட்டார். நல்லவேளை, அன்று நெருப்பு மூட்டவில்லை. லண்டனில் பெரும்பாலும் புகையில்லா எரிபொருள்தான் (புகை மிகக் குறைவாக வருவது) எரிக்க முடியும், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதைக் கண்டறியும் அலாரம் இல்லாமல் ஒரு நாள்கூட எரிக்காதீர்கள். வெளிப்பக்கம் பூச்சி வலையும் அடிக்காதீர்கள், தூசியும் சிலந்திக்கூடும் சேர்ந்து அடைத்துவிடும்.

அப்புறம் சமையலறைக் காற்றை வெளியே இழுத்துத் தள்ளும் மின்விசிறி, அது கணப்புப் புகையையும் அறைக்குள் இழுத்துவிடலாம். வெளிக்கதவு, ஜன்னல்களை மூடி, அதை முழு வேகத்தில் ஓடவிட்டு, கணப்பில் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஒரு குழாய் மட்டும் இருந்தபோது எங்கள் வீட்டில் புகை அறைக்குள் வந்தது, இரண்டு போட்ட பிறகு வரவில்லை.

ஐந்துக்கு நான்கு. பரப்பளவைப் பொடி எழுத்தில் ஒளித்ததற்கு ஒன்றைக் குறைத்தேன்.