தி சைனா சிண்ட்ரோம்: முள் சரி, பழி விழுந்த இடம் கோணல்

அணுமின் நிலைய விபத்தைக் கதையாகக் கொண்ட ஹாலிவுட் படம் ‘தி சைனா சிண்ட்ரோம்’ 1979 மார்ச் 16-இல் வெளியானது. 12 நாள் கழித்து, அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் இரண்டாவது உலையின் எரிபொருள் பாதியளவு உருகிப்போனது. அன்றிலிருந்து ஒரு தரப்பு இந்தப் படத்தைத் தீர்க்கதரிசனம் என்கிறது, இன்னொரு தரப்பு பீதிப் பிரசாரம் என்கிறது. காட்சி காட்சியாகப் பார்த்தால் இரண்டுமே ஒட்டவில்லை.

கட்டுப்பாட்டு அறைக் காட்சிதான் படத்தின் உயிர். உலை திடீரென நின்று தரை அதிர்கிறது. கோப்பையில் இருக்கும் காபி நடுங்குகிறது. நீர்மட்டப் பதிவுக்கருவியின் முள் உயரத்திலேயே நிற்பதால், நீர் மிகுந்துவிட்டது என்று நம்பி வரத்தைக் குறைக்கிறார்கள். மேற்பார்வையாளராக வரும் ஜாக் லெமன் கருவியை விரலால் தட்ட, சிக்கியிருந்த முள் சரசரவென்று இறங்குகிறது. எரிபொருளை மூடியிருக்க வேண்டிய நீர் வற்றிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிகிறது. தொடக்கப் பாடலைத் தவிர படத்தில் பின்னணி இசையே கிடையாது. அலாரச் சத்தமே பதற்றத்தைச் சுமக்கிறது. மிக நல்ல முடிவு அது.

திரீ மைல் ஐலண்டிலும் தவறான நம்பிக்கைதான் உலையைக் கெடுத்தது. அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. பலகையிலிருந்த விளக்கோ, மூடச் சொல்லி உத்தரவு போனதை மட்டுமே காட்டியது; வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. உலையின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் தனிக் கலத்தின் நீர்மட்டம் உயர்வாகத் தெரிந்ததால், அவசரக் குளிர்விப்பு நீரை ஊழியர்களே குறைத்தார்கள். அதே குழாயிலிருந்த தடுப்பு வால்வை மூட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

சாய்வு இதற்குப் பிறகுதான் நுழைகிறது. படத்தில் பழி முழுக்க லாபவெறியின் மேல் விழுகிறது. ஒரே வெல்டிங் இணைப்பின் எக்ஸ்ரே படத்தைப் பல இணைப்புகளுக்குத் திரும்பத் திரும்பக் காட்டி ஒப்பந்ததாரர் ஏமாற்றியிருக்கிறார். இது நடக்கக்கூடிய மோசடிதான். ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் இணைப்பின் எண் பதிவாகியிருக்க வேண்டும். எக்ஸ்ரேக்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டால் வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஆனால் நிஜத்தில் உலையைக் கெடுத்தது இப்படி ஒரு வில்லன் இல்லை. 1977 செப்டம்பரில் ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதே வகை வால்வு இதே போலச் சிக்கியது, ஊழியர்கள் இதே போலக் குழம்பினார்கள், ஆனால் சுமார் 20 நிமிடத்தில் பிடித்துவிட்டார்கள். அந்தப் பாடம் திரீ மைல் ஐலண்டின் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேரவேயில்லை. போய்ச் சேராத எச்சரிக்கையைத் திரையில் காட்டுவது கடினம், கோட் அணிந்த முதலாளியைக் காட்டுவது எளிது. அரசியல் சாய்வு பெரும்பாலும் இந்த வசதியிலிருந்துதான் பிறக்கிறது.

உலை உருகினால் பென்சில்வேனியா அளவு நிலப்பரப்பு வாழத் தகாததாகிவிடும் என்று ஒரு நிபுணர் சொல்லும் வசனம் அடுத்த கோளாறு. மிக மோசமான கடைசிக் கட்டத்தை அது உறுதியான விளைவு போலச் சொல்கிறது. நிஜத்தில் பாதி எரிபொருள் உருகியும் உலைக்கலம் உடையவில்லை. சுற்றுப்புறத்தில் சுமார் 20 லட்சம் பேருக்குக் கூடுதலாகக் கிடைத்த சராசரிக் கதிர்வீச்சு 1 மில்லிரெம் (கதிர்வீச்சை அளக்கும் ஒரு சிறு அலகு) அளவே என்பது அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் மதிப்பீடு. படத்தின் உச்சக்காட்சியில்கூட, பம்பின் தாங்கி பிய்ந்தும் உலை பத்திரமாகவே அடங்குகிறது. கதை நிரூபிப்பது ஒன்று, வசனம் பயமுறுத்துவது வேறொன்று.

1986-இல் சோவியத் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்தைப் பற்றி 2019-இல் வந்த ‘செர்னோபில்’ தொலைக்காட்சித் தொடரிலும் இதே நோய், வேறு கொடியின் கீழ். அங்கே பழி சோவியத் பொய்களுக்கும் நிலையத்தின் பொறியாளர் டயட்லோவ் என்ற ஒரு முரடனுக்கும் போகிறது. உலையின் வடிவமைப்புக் குறையைத் தொடர் அருமையாக விளக்குகிறது. ஆனால் அதை நீதிமன்ற விசாரணையில் விளக்குவதாகக் காட்டப்படும் விஞ்ஞானி லெகாசோவ், நிஜத்தில் அந்த விசாரணைக்குப் போகவே இல்லை. 1992-இல் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு, ஊழியர்கள் மேல் முன்பு சுமத்திய பழியில் கணிசமான பங்கை வடிவமைப்பின் பக்கம் திருப்பியது. தொடரின் டயட்லோவுக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை. பல மெகாடன் வெடிப்பு நடந்திருக்கும் என்று தொடரில் வரும் மிரட்டலும் இயற்பியலில் நிற்காது.

படமாக ‘தி சைனா சிண்ட்ரோம்’ இன்றும் கட்டாயம் பார்க்க வேண்டியது. பார்த்த கையோடு திரீ மைல் ஐலண்ட் விபத்தை விசாரித்து 1979 அக்டோபரில் வந்த கெமனி ஆணைய அறிக்கையையும் படியுங்கள். பயிற்சி, கட்டுப்பாட்டுப் பலகையின் அமைப்பு, ஒழுங்குமுறை ஆணையத்தின் மெத்தனம் என்று அது பழியைப் பங்கிட்டுத் தருகிறது.