கணுக்கால் மூட்டு மாற்றியபின் தையல் கசிகிறதா? வெறும் மாத்திரையோடு வீடு திரும்பாதீங்க

பெருந்துறைப் பக்கத்து விவசாயி ஒருவர், சர்க்கரைக்காரர். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கணுக்கால் மூட்டு மாற்றினார்கள். மூன்றாவது வாரம் தையலின் நடுவில் மஞ்சளாய்க் கசிந்து கட்டுத்துணி ஒட்டிக்கொண்டது. "நீர் வடியறதுதானுங்க, சரியாப் போயிரும்" என்று ஆன்டிபயாடிக் எழுதி அனுப்பிவிட்டார்கள். மாத்திரை தீர்ந்ததும் மறுபடி கசிவு, மறுபடி சீட்டு. மூட்டு நீரை ஒருமுறைகூடப் பரிசோதிக்கவில்லை. கடைசியில், மூட்டுக்குள் வைத்த உலோகத்தையே கழற்ற வேண்டியதாயிற்று.

கிருமி தொற்றுவது நல்ல டாக்டர் கையிலும் நடக்கும். ஏமாற்று, அதை மூடி மறைத்ததில்தான் இருக்கிறது.

பெரும்பாலும் கணுக்காலின் முன்பக்கம்தான் கீறுவார்கள். அங்கே தோலுக்கடியில் சதைப்பிடிப்பே கிடையாது, தசைநாண்தான். தையலோரம் கருத்துப் பிரிந்தால் கிருமி சுலபமாக மூட்டுக்குள் இறங்கிவிடும். சர்க்கரை, பீடி சிகரெட், ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். உலோகத்தில் ஒட்டிய கிருமி தன்னைச் சுற்றிப் படலம் கட்டிக்கொள்ளும், மாத்திரை அதற்குள் சரியாக எட்டாது. சீக்கிரமே திறந்து கழுவி, நடுவிலுள்ள பிளாஸ்டிக் துண்டை மாற்றினால் உலோகம் தப்பலாம். விட்டுவிட்டால் கழற்றுவதும், பெரும்பாலும் எலும்புகளை ஒன்றாக இணைப்பதும்தான் மிச்சம்.

ஆகவே கசிவைக் கண்டால் அறுவை செய்த டாக்டரையே அன்றைக்கே பாருங்க. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனையும், ஊசியில் மூட்டு நீர் எடுத்துக் கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கேளுங்க. அதற்குப் பதில் புண் வாயைப் பஞ்சில் துடைத்தெடுத்தால் பெரும்பாலும் தோல் கிருமிதான் வளரும். மாத்திரை தொடங்கியபின் எடுத்த கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்பதை நம்பி உட்கார்ந்துவிடாதீங்க. குளிர்சுரம் வந்தால் எதற்கும் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்க.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு உருவவே கூடாது, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுங்க. மூச்சு வாங்கினால் 108.

"மாற்றிய மூட்டு ஆயுசுக்கும் தாங்கும்" என்பதும் பொய். பிளாஸ்டிக் தேயும், உலோகம் தளரும், கீழெலும்பில் அமிழும். வருசம் ஒருமுறை நின்ற நிலையில் எக்ஸ்ரே வேண்டும். வைத்த பொருளின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) ஸ்டிக்கரை வாங்கி வையுங்க. 2022இல் எக்சாக்டெக் என்ற அமெரிக்க செயற்கை மூட்டு நிறுவனம், பொருளை அடைத்த உறைப் பையின் கோளாறால் கணுக்கால் பிளாஸ்டிக்கையும் திரும்பப் பெற்றது. உங்களுக்கு வைத்தது எது என்று அந்த ஸ்டிக்கர்தான் சொல்லும்.

சிகிச்சைப் பதிவுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கெடு 2 வருடம். புண்ணைத் தேதியோடு போட்டோ எடுத்து, எல்லாச் சீட்டையும் சேர்த்துக் கொடுங்க.