விம்மில் வரிகளை நேராக்குவது: ப்ளக்இன் இல்லாமல் ஓட்டிய அனுபவம்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் சர்வர் பராமரிப்பு வேலை. வாடிக்கையாளர் மெஷினுக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இணையும் முறை) வழியாகப் போனால் விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டர் இருக்கும், ப்ளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) போட அனுமதி இருக்காது. பல வருஷமாக விம்மோடு வரும் கட்டளைகளை வைத்தேதான் பிழைப்பு.

தலைப்பை நடுவில் வைக்க, ஷிஃப்ட்-வி போட்டு வரியைத் தேர்ந்து, கோலன் தட்டி 'சென்டர் 60' என்றால் போதும்; 60 என்பது வரியின் அகலம். 'ரைட்' கட்டளையும் அப்படியே. 'லெஃப்ட்' மட்டும் வேறு: அதன் பின்னால் வரும் எண் அகலம் இல்லை, இடப்பக்கம் விட வேண்டிய இடைவெளி. சென்டருக்கும் ரைட்டுக்கும் எண் கொடுக்காவிட்டால் விம் அமைப்பில் உள்ள டெக்ஸ்ட்விட்த் (வரி அகலம்) அளவை எடுத்துக்கொள்ளும்; அது 0 என்றால் 80. டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் போடும் எக்ஸ்பேண்ட்டேப் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அணைந்திருந்தால் வரி முன்னால் டேப் கலந்துவிடும், டேப் அகலம் வேறாக உள்ள மெஷினில் தலைப்பு ஒரு பக்கம் சாயும்.

கான்ஃபிக் கோப்பில் = குறிகளை ஒரே நேரில் நிறுத்த விம்மில் நேரடிக் கட்டளை கிடையாது. ஓசூரிலிருந்து தினம் வந்துபோகும் ஜூனியர், "என்னண்ணா, ஈமாக்ஸ் எடிட்டர்ல அலைன்-ரெஜெக்ஸ்ப் கட்டளை கூடவே வருதே" என்று வாரினான். நியாயம்தான். ஹீலிக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரில்கூட = குறிகளைத் தேர்ந்து & ஒன்று அடித்தால் முடிந்தது. நான் வரிகளைத் தேர்ந்து, ஆச்சரியக்குறி போட்டு, இடைவெளியைப் பார்த்துப் பிரித்து நெடுவரிசையாக அடுக்கும் லினக்ஸின் 'காலம் -டி' கட்டளைக்குள் அனுப்பி வாங்கிக்கொள்கிறேன். மதிப்புக்குள் இடைவெளி இருந்தால் அதையும் பிளந்து வைக்கும். வரி முன்னால் விட்ட இடைவெளியான இன்டென்ட்டும் காணாமல் போகும். இன்டென்ட்டை வைத்தே பொருள் கொள்ளும் யாமல் கோப்புகள் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

இன்னொரு தொல்லை. நேராக்கிய பகுதியில் நீளமான பெயர் ஒன்று புதிதாக வந்தால் எல்லா வரியும் நகர வேண்டும். மாறிய வரிகளைக் காட்டும் கிட் டிஃப் முழுக்கச் சிவப்பும் பச்சையும். ரிவ்யூ பண்ணுபவர் இடைவெளி மாற்றங்களைப் புறக்கணிக்கும் -டபிள்யூ போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அடிக்கடி மாறும் கோப்புகளை இப்போது நான் நேராக்குவதே இல்லை.

தமிழ் என்றால் கதையே வேறு. எங்கள் அபார்ட்மென்ட் பொங்கல் வசூல் கணக்கையும் விம்மில்தான் வைத்திருக்கிறேன். பெயர் முதலில், தொகை பிறகு என்று எழுதினால் டெர்மினலில் நேர்கோடே வராது: கொம்பும் காலும் எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதில் விம்முக்கும் டெர்மினலுக்கும் ஒத்துப்போவதில்லை. அதனால் தொகையை முன்னால் போட்டு, பெயரைக் கடைசியில் விட்டுவிடுகிறேன். பெயர் எவ்வளவு நீண்டாலும் அதற்குப் பின்னால் தள்ளிவிட ஒன்றும் இல்லை.