பக்கவாதத்துக்குப் பின் கைக்குப் பயிற்சியா? மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்

"ரோபோ பயிற்சி, மூன்றே மாதத்தில் கை பழையபடி வேலை செய்யும்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். பக்கவாதத்தில் அம்மாவுக்கு இடது கை விழுந்ததும் அப்படிச் சொன்ன ஒரு மையத்தில்தான் சேர்த்தோம். 60,000 ரூபாய் பேக்கேஜ், முழுப் பணமும் முதல் நாளே. புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் எழுதவில்லை.

கையை மெஷினில் வைத்துக் கட்டிவிடுவார்கள். அது முன்னும் பின்னும் தள்ளும், அம்மா டிவி பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் கொஞ்ச நேரம் கைத் தசைக்குக் கரண்ட் வைப்பார்கள். கடைசியில், மேலே தொங்கும் கப்பிக் கயிற்றை நல்ல கையால் இழுத்து, விழுந்த கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வார்கள். முதல் நாள் பரிசோதித்த பிசியோதெரபிஸ்ட் அதன்பின் கண்ணிலேயே படவில்லை.

பணம் போனதைவிட வயிற்றெரிச்சல் தோளை நினைத்துத்தான். நாற்காலியிலிருந்து எழுப்பும்போதெல்லாம் உதவியாளர் அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பார். தசை தளர்ந்த தோள் மூட்டு அந்த இழுப்பைத் தாங்காது. அம்மாவுக்கு மூட்டு இறங்கி, தோள் எலும்புக்குக் கீழே விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. ராத்திரியெல்லாம் வலியில் அழுவார். கேட்டால், "வலித்தால்தான் கை வரும்" என்றார்கள். பச்சைப் பொய். இந்தக் கப்பிப் பயிற்சி தோள்வலியைக் கூட்டுகிறது என்று 1990-லேயே ஆய்வு வந்திருக்கிறது.

ரோபோ பற்றிச் சொன்னதையும் அப்படியே நம்ப முடியாது. பிரிட்டனில் 770 நோயாளிகளிடம் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையைவிட ரோபோ பயிற்சியால் கையின் செயல்பாடு கூடுதலாக மேம்படவில்லை. நோயாளி தானே முயன்று, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் முக்கியம். நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையை வேலை வாங்கும் பயிற்சியும் உண்டு. ஆனால் அது மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது நிமிர்பவர்களுக்குத்தான். ஒரு விரல்கூட அசையாத நிலையில் இருந்த அம்மாவுக்கு அதையும் தனிக் கட்டணத்தில் விற்கப் பார்த்தார்கள்!

பாதியில் நிறுத்தி மீதிப் பணத்தைக் கேட்டதற்கு, ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். பொடி எழுத்தில் "பணம் திருப்பித் தரப்படாது". 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்திருக்கிறோம்.

இப்போது, தமிழக அரசு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வீட்டுக்கே வருகிறார். காசு கிடையாது. மேசையில் துண்டை விரித்து, அதன்மேல் கையை வைத்து அம்மாவையே தள்ளச் சொல்கிறார். உட்காரும்போது கைக்கடியில் தலையணை, எழுப்பும்போது கையைத் தொடாமல் இடுப்பில் பிடி என்று எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். வலி குறைந்திருக்கிறது. விரல்களில் லேசாக அசைவு தெரிகிறது.

தனியார் மையத்துக்குத்தான் போக வேண்டும் என்றால், ஒவ்வொரு நாளும் பக்கத்தில் நின்று பயிற்சி கொடுக்கப்போவது யார் என்று கேளுங்கள். அந்தந்த நாளுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். ரசீதைத் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.