துறமுகமும் மீனமாசத்திலே சூரியனும்

கொச்சியின் மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் வேலைக்குக் காத்து நின்ற கூட்டத்தின்மீது 'சாப்பா' எனும் உலோக வில்லைகளை வீசியெறிந்து, முண்டியடித்துப் பொறுக்கியவருக்கு மட்டுமே அன்றைய கூலி என்றிருந்த கொடுமையையும், அதை எதிர்த்தவர்கள்மீது 1953இல் நடந்த துப்பாக்கிச்சூட்டையும் ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' (2023) என்ற மலையாளப் படம் காட்டுகிறது. லெனின் ராஜேந்திரனின் மலையாளப் படமான 'மீனமாசத்திலே சூரியன்' (1986), வடகேரளத்துக் கிராமமான கய்யூரில் 1941இல் எழுந்த விவசாயிகளின் போராட்டத்தையும், 1943இல் அவர்களில் நால்வர் தூக்கிலிடப்பட்டதையும் சொல்கிறது. பின்னதில் தோழர்களின் உறுதியே மையம். முன்னதிலோ, தொழிற்சங்கத்தின் பக்கம் நிற்கும் தம்பியும் எதிர்த்தரப்பின் அடியாளாகிவிடும் அண்ணன் மொய்துவும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதால், வர்க்கப் பிளவு வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. நீளம் சற்று அலுப்பூட்டுகிறது என்றாலும், இந்தச் சிக்கலுக்காகவே துறமுகத்தை முதலில் பார்க்கச் சொல்வேன்.